பழைய ரிவால்வர், பழைய வடிவில் புதிய ரிவால்வர்: உள்ளே என்னதான் வித்தியாசம்?

"அந்தக் காலத்து இரும்பே வேற" என்பார் ஒருவர். "புதுசுன்னா எல்லாம் கம்ப்யூட்டர் மிஷின்ல செய்யறது, தப்பே வராது" என்பார் இன்னொருவர். ரிவால்வரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் முடிந்துவிடும். இரண்டும் பாதிதான் சரி. ஒரு ரிவால்வரை எடைபோடக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உள்பாகங்களை ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தியது கையா, எந்திரமா? ஹேமருக்கும் (சுடுவதற்காக அடிக்கும் சுத்தியல்) தோட்டாவுக்கும் நடுவே குறுக்கே நிற்பது எது? தயாரான வருடத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இது துப்பாக்கியே தொடாதவர்களுக்கான விளக்கம். சொல்லப்போகும் பாகங்கள் ஏழெட்டுத்தான்.

புல்லட் பைக்கை வைத்துத் தொடங்குவோம்

அண்ணா சாலை சிக்னலில் ஒரு பழைய புல்லட்டும் புதிய கிளாசிக் 350-ம் அருகருகே நின்றால், பைக் தெரியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அதே கண்ணீர்த்துளி டேங்க், அதே வட்ட ஹெட்லைட். உள்ளே பார்த்தால் இரண்டுக்கும் உறவே கிடையாது. 1955 முதல் சென்னையோடு ஒட்டிப்போன அந்தப் பழைய வண்டியில் இருந்தது வார்ப்பிரும்பு எஞ்சின். கியர் வலது காலில். டாப்பெட் இடைவெளியை மெக்கானிக் காதால் கேட்டே சரிசெய்வார். 2021-இல் வந்த கிளாசிக்கில் ஜே வரிசை எஞ்சின். பாகம் போனால் பாக்கெட்டைப் பிரித்து மாட்ட வேண்டியதுதான், ராவ வேண்டாம். பழையதில் நல்ல மெக்கானிக் கை பட்ட வண்டி தேன். கை படாதது தலைவலி. புதியதில் எல்லா வண்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

ரிவால்வரிலும் கதை இதேதான். ஒப்பீடும் தற்செயல் இல்லை: இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்ததால்தான் அந்த பைக் கம்பெனிக்கு ராயல் என்ஃபீல்டு என்ற பெயர். அதே ஆலை 1930களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு .38 (அங்குலத்தில் சொல்லும் தோட்டா அளவு) ரிவால்வரும் செய்தது.

ட்ரிக்கரை இழுத்தால் நடப்பது என்ன

பிஸ்டலையும் ரிவால்வரையும் செய்தித்தாள்கள் மாற்றி மாற்றி எழுதும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் போகும் மேகசினில் இருக்கும். ரிவால்வரில் அவை சிலிண்டர் என்ற உருளையில், பெரும்பாலும் ஆறு துளைகளில் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு சேம்பர்.

நடப்பது இந்த வரிசையில். ட்ரிக்கர் பின்னால் வரும்போது ஹேண்ட் எனப்படும் சிறு நெம்புத்துண்டு மேலெழுந்து, சிலிண்டரின் பின்பக்கப் பற்களைத் தள்ளுகிறது. சிலிண்டர் அறுபது டிகிரி சுழல்கிறது. அடுத்த சேம்பர் குழலுக்கு நேராக வந்ததும், கீழே காத்திருக்கும் போல்ட் என்ற தாழ் சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து அதை நிறுத்துகிறது. அதன் பிறகுதான் ஹேமர் விடுபட்டு முன்னால் பாய வேண்டும். அதன் விசையில் ஃபயரிங் பின் என்ற ஊசி தோட்டாவின் அடியில் உள்ள, தீ மூட்டும் பிரைமரைக் குத்துகிறது, மருந்து பற்றுகிறது.

ஹேமரை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்னிழுத்து வைத்தாக வேண்டும் என்றால் அது சிங்கிள் ஆக்‌ஷன். ட்ரிக்கரே ஹேமரைத் தூக்கி விடவும் செய்தால் டபுள் ஆக்‌ஷன்.

மேலே சொன்ன வரிசை பிசகாமல் நடப்பதற்குப் பெயர் டைமிங். சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் முன்பே ஹேமர் விழுந்தால், சேம்பரும் குழலும் நேர்கோட்டில் இருக்காது. குண்டின் ஓரம் குழலின் விளிம்பில் சீவப்பட்டு, ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

சிலிண்டர் சுழல வேண்டுமே, அதனால் அதற்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி எப்போதும் உண்டு, சுமார் 0.10 முதல் 0.20 மி.மீ. ஒவ்வொரு முறை சுடும்போதும் கொதிக்கும் வாயு அதன் வழியே பீறிடும். சினிமாவில் ரிவால்வர் முனையில் சைலன்சரைத் திருகிச் சத்தமில்லாமல் சுடுகிறார்களே, அது பெரும்பாலும் நடக்காத காரியம். முனையை அடைத்தாலும் நடுவில் வாய் திறந்திருக்கிறது. சுடும்போது சிலிண்டரே முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைக்கும் ரஷ்ய நாகான் 1895 மட்டும் பிரபலமான விதிவிலக்கு.

இதுவரை சொன்னதன் சாரம்: ரிவால்வர் சுழல வேண்டும், நிற்க வேண்டும், பிறகு அடிக்க வேண்டும். நேர்த்தி என்று பேசுவதெல்லாம் இந்த மூன்றின் வரிசையைப் பற்றித்தான்.

கை ராவியதும் எந்திரம் வெட்டியதும்

அமெரிக்காவின் கோல்ட் பைத்தான் இந்த விவாதத்தில் எப்போதும் வரும் பெயர். 1955-இல் வந்தது; .357 மேக்னம் தோட்டா. ஆலையில் அனுபவசாலிகள் ஹேண்டையும் போல்ட்டையும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக ராவிப் பொருத்தினார்கள். அதன் ட்ரிக்கர் வழுக்கிக்கொண்டு போகும் என்று இன்றும் சிலாகிப்பவர்கள் அந்த ராவலைத்தான் சிலாகிக்கிறார்கள். சுடும் கணத்தில் ஹேண்ட் சிலிண்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதால் சிலிண்டர் துளியும் ஆடாது.

அந்த அழுத்தத்துக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு முறையும் சுமை தாங்கும் ஹேண்ட் தேயும். தேய்ந்தால் டைமிங் பிந்தும். அதைச் சரிசெய்ய மறுபடியும் ராவத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கைகள் குறைந்துவிட்டன. பழைய பைத்தானின் அருமையும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், இந்த விவாதத்தில் பாதி அடங்கிவிடும்.

2020-இல் கோல்ட் கம்பெனி பைத்தானை மீண்டும் கொண்டுவந்தபோது உருவத்தை வைத்துக்கொண்டு உள்ளே மாற்றியது. பாகங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது, குறிபார்க்கும் பின்பக்க அமைப்புக்குக் கீழே சட்டத்தில் (ஃப்ரேம்) உலோகத்தைக் கூட்டியது, பொருத்தும் வேலையை சி.என்.சி. எனப்படும் கணினி கட்டுப்பாட்டு வெட்டு எந்திரத்திடம் விட்டது. ஒரு துப்பாக்கிக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் குறைந்தது. பழைய ஆழ்நீல மெருகு போய் துருவேறா எஃகு வந்தது. அழகு குறைந்தது என்று வருந்துபவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நீலம் அப்படிப்பட்டது.

இங்கே இன்னொரு சொல்லும் அடிபடும்: எம்.ஐ.எம். நுண்ணிய உலோகப் பொடியைப் பசையோடு குழைத்து அச்சில் செலுத்தி, பசையை நீக்கி, கடும் சூட்டில் இறுக வைக்கும் முறை. சூளையில் பாகம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். அதைக் கணக்கிட்டே அச்சைப் பெரிதாகச் செய்வார்கள். இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1990களின் பிற்பகுதியிலிருந்து ஹேமர், ட்ரிக்கர் முதலியவற்றை இப்படிச் செய்கிறது. "பொடியில் செய்த பாகம் பொடிந்துவிடும்" என்ற பயம் மிகை. முறையாகச் செய்த எம்.ஐ.எம். ட்ரிக்கர் ஆலையிலிருந்து வரும்போதே சரியான அளவில் வருகிறது. அதன் உண்மையான குறை வேறு: உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் வெளியே தெரியாது, உடையும்போது வளையாமல் பட்டென்று உடையும். தோற்றமும் சற்று மொண்ணை. இவ்வளவுதான் வழக்கு.

ஹேமருக்கும் தோட்டாவுக்கும் நடுவில்

மற்ற வித்தியாசங்கள் ரசனை. இது மட்டும் உயிர்.

கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி 1873-இல் வந்தது. கௌபாய் படங்களில் இடுப்பில் தொங்குவது இதுதான். இதில் ஃபயரிங் பின் ஹேமரின் முகத்திலேயே பதிக்கப்பட்டிருக்கும். ஹேமர் கீழே இறங்கியிருந்தால் பின் நேராகப் பிரைமர் மேல் உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி கைதவறி ஹேமர் தரையில் படும்படி விழுந்தால் வெடிக்கும். "சேஃப்டி" என்ற பெயரில் ஹேமரில் ஒரு வெட்டு உண்டு. ஹேமரைக் கொஞ்சம் இழுத்தால் ட்ரிக்கர் முனை அதில் மாட்டிக்கொள்ளும். அந்த முனை மெல்லியது; பலமாக விழுந்தால் முறியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறில் ஐந்து மட்டும் நிரப்பி, ஹேமரைக் காலியான சேம்பர் மேல் வைத்தார்கள். பழைய சிங்கிள் ஆக்‌ஷன் அனைத்துக்கும் இன்றும் அதுவே விதி.

அடுத்து வந்தது ஹேமர் பிளாக்: ஹேமருக்கும் சட்டத்துக்கும் நடுவே குறுக்கே நிற்கும் எஃகுத் தகடு. ட்ரிக்கரை முழுதாக இழுத்தால்தான் விலகும். கோல்ட் 1905-இல் டபுள் ஆக்‌ஷனில் இதைக் கொண்டுவந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிடம் வேறொரு அமைப்பு இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது கப்பலில் கீழே விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்து மாலுமி ஒருவர் இறந்த பிறகு, போர் முடியும் தறுவாயில் அது திருத்தப்பட்டது. இன்று வரை அந்த வடிவம்தான். ஆகவே அந்தக் கம்பெனியின் போருக்கு முந்திய ரிவால்வரும் பிந்தியதும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், கீழே விழும்போது ஒன்றல்ல.

மூன்றாவது டிரான்ஸ்ஃபர் பார். இது எதிர்த் திசையில் யோசித்தது. ஃபயரிங் பின் சட்டத்தில் தனியாக இருக்கும். ஹேமரால் அதைத் தொடவே முடியாது, நடுவில் வெற்றிடம். ட்ரிக்கரை இழுத்துப் பிடித்திருக்கும்போது மட்டும் ஒரு பட்டை மேலே வந்து அந்த இடத்தை நிரப்பி அடியைக் கடத்தும். பிளாக் அடியைத் தடுக்கும். பார் இல்லாமல் அடியே சேராது. பிளாக் உடைந்தால் பாதுகாப்பு போய்விடும், துப்பாக்கி சுடும். பார் உடைந்தால் துப்பாக்கி சுடாது. பாதுகாப்பு என்ற கோணத்தில் எது மேல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவும் இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் ஐவர் ஜான்சன் 1890களிலேயே இந்த யோசனையைத் தன் மலிவு ரிவால்வரில் வைத்துவிட்டது. கௌபாய் வடிவ ரிவால்வரில் அமெரிக்கக் கம்பெனி ரூகர் 1973-இல் அதைச் சேர்த்தது. 1973-க்கு முந்திய தன் பழைய ரிவால்வர்களுக்கும் ரூகர் இலவசமாக இதைப் பொருத்தித் தருகிறது. கழற்றிய மூலப் பாகங்களையும் கூடவே திருப்பி அனுப்பும். ஆனாலும் பலர் மாற்றிக்கொள்வதில்லை. மாற்றினால் ஹேமரை இழுக்கும்போது வரும் பழைய "க்ளிக்" ஒலிகள் போய்விடும் என்பது அவர்கள் காரணம். ஒலிக்காக ஐந்து தோட்டாவோடு இருப்பது அவரவர் விருப்பம். ஆறு நிரப்பிக்கொண்டு ஒலியும் வேண்டும் என்பதுதான் விபரீதம்.

ஏமாந்துவிடக்கூடிய முக்கியமான இடம் ஒன்று. புதிதாகத் தயாரானது என்பதால் பாதுகாப்பும் புதியது என்று எண்ணிவிடக் கூடாது. கோல்ட் இன்று செய்யும் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் 1873-இன் உள்ளமைப்புதான். இத்தாலியின் உபெர்டி அதே வடிவத்தில் செய்யும் நகல்களில், பழைய முறையில் பின் பதித்தவையும் உண்டு. ட்ரிக்கரை இழுக்காவிட்டால் பின் உள்ளே வாங்கிக்கொள்ளும் கேட்டில்மேன் இரண்டாம் வடிவமும் உண்டு. மாடலைத்தான் கேட்க வேண்டும், வருடத்தை அல்ல.

இதுவரை: ஹேமரிலேயே பின் என்றால் ஐந்து தோட்டா. தடுப்பு இருந்தால், அது போருக்கு முந்தியதா பிந்தியதா என்று விசாரி. டிரான்ஸ்ஃபர் பார் என்றால் ஆறு.

இரும்பும் அழுத்தமும்

"பழைய இரும்பு கெட்டி" என்பதை எண்களோடு பார்த்தால் சுருங்கிவிடும். ஆரம்ப காலச் சிங்கிள் ஆக்‌ஷன்கள் கருமருந்துக்காகச் செய்யப்பட்டவை. பிறகு வந்த, அழுத்தம் அதிகமான புகையில்லா மருந்துக்குத் தாங்கும் என்று கோல்ட் உத்தரவாதம் தந்ததே 1900-இல்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் .38 சிலிண்டர்களைச் சூடேற்றிப் பதப்படுத்தத் தொடங்கியது 1919 வாக்கில்.

அமெரிக்கத் தரப்படி .45 கோல்ட் தோட்டாவின் உச்ச அழுத்தம் 14,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); .38 ஸ்பெஷல் 17,000, 1935-இல் வந்த .357 மேக்னம் 35,000. கடைசி இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. .38 ரிவால்வருக்குள் தவறி நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே மேக்னத்தின் குடுவையை (குண்டும் மருந்தும் அடங்கிய உறை) மூன்று மி.மீ.க்குச் சற்று அதிகமாக நீட்டினார்கள். புதிய எஃகின் பலன் இந்த அழுத்தத்தில்தான் தெரியும். பழைய அழுத்தத்துக்கே சுட்டால் நல்ல நிலையில் உள்ள பழைய துப்பாக்கிக்கும் ஒன்றும் ஆகாது.

2001 வாக்கிலிருந்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களின் பக்கவாட்டில் ஒரு சாவித்துளை வந்தது. உள்ளே ஹேமரை நிறுத்தும் பூட்டு. பழைய வடிவத்தில் செய்த மாடல்களிலும் அந்தத் துளை இருப்பது பலருக்கு முள்ளாக உறுத்தியது. எதிர்ப்பு ஓயவில்லை, அண்மை ஆண்டுகளில் சில மாடல்கள் பூட்டில்லாமல் வரத் தொடங்கிவிட்டன. வீட்டில் குழந்தை இருப்பவருக்கு அந்தத் துளை தனி இரும்புப் பெட்டிக்கு ஈடாகாது என்பது மட்டும் உறுதி.

நம் ஊரில் இந்தக் கேள்வி

பைத்தானும் கௌபாய் துப்பாக்கியும் படிக்கச் சுவை. சென்னையில் லைசென்ஸ் உள்ளவர் கையில் இருப்பது பெரும்பாலும் .32. காரணம் சட்டம். .38, .455, 9 மி.மீ. போன்றவை தடைசெய்யப்பட்ட அளவுகள். சாதாரண லைசென்ஸில் வராது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனிநபர் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. போட்டி வீரர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அதனால்தான் அதற்கு முன் உள்ளே வந்த பிரிட்டிஷ் கம்பெனி வெப்லி அண்ட் ஸ்காட்டின் .32-க்கு இன்று தரத்துக்குப் பொருந்தாத விலை. அந்த விலையில் பெரும்பங்கு தட்டுப்பாட்டுக்கு, இரும்புக்கு அல்ல.

இதில் ஒரு வேடிக்கை: வெப்லி வடிவம் இங்கேதான் இன்னும் உயிரோடு இருக்கிறது. கான்பூர் அரசு ஆலையின் .32 ரிவால்வர் அந்தக் குடும்பம்தான். 2014-இல் வந்த நிர்பீக் அதன் எடை குறைந்த டைட்டானியக் கலவை வடிவம், சுமார் 500 கிராம். இவை டாப் பிரேக் வகை: மேலே தாழை விடுவித்தால் குழல் முன்னால் மடங்கும், ஆறு வெற்றுக்குடுவைகளும் ஒன்றாக எழும்பும். வேகம் உண்டு, ஆனால் சுடும் விசையை ஒரு கீலும் ஒரு தாழும் தாங்குவதால், மிதமான தோட்டாக்களுக்கே ஏற்றது. .32-இன் உச்ச அழுத்தம் 15,000 பி.எஸ்.ஐ. என்பதால் பொருந்திப்போகிறது. 2023-இல் அறிமுகமான பிரபல் என்ற ரிவால்வர் மடங்காத சட்டத்துக்கு மாறி, சிலிண்டரைப் பக்கவாட்டில் வெளியே சாய்க்கிறது. வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்திலும் ரிவால்வர் தயாராகிறது. பெயர் பழையது, ஆலை புதியது. பழைய பிரிட்டிஷ் வெப்லியின் பாகம் இதில் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தோட்டா வாங்கும்போது ஒரு குழப்பம் ஆபத்தானது. .32 ரிவால்வர் தோட்டா வேறு, .32 பிஸ்டல் தோட்டா வேறு. பிஸ்டல் தோட்டா குட்டை, ஆனால் அழுத்தம் 20,500 பி.எஸ்.ஐ. சில ரிவால்வர்களில் அது உள்ளே போய்விடும். போவதால் பொருத்தம் என்று ஆகாது.

பழையது ஒன்று கைக்கு வந்தால்

முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு சேம்பரும் காலி என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில், பழுது பார்ப்பவர் முன்னால் வைத்துப் பார்ப்பதே முறை. ஹேமரை மிக மெதுவாகப் பின்னிழுத்தால், அது கடைசி நிலைக்கு வருமுன் ஒவ்வொரு சேம்பரும் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு பல் மட்டும் தேய்ந்திருப்பது சகஜம். குழல் இடைவெளியை ஃபீலர் கேஜ் தகட்டால் அளக்க வேண்டும், 0.25 மி.மீ.யைத் தாண்டினால் வேலை இருக்கிறது. டாப் பிரேக் என்றால் தாழைப் பூட்டிய பின் குழலை மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். கீலில் ஆட்டம் தெரிந்தால், மற்றதெல்லாம் பளபளத்தாலும் அதைச் சுடக் கூடாது.

சிலிண்டர் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலே "போச்சு" என்பார்கள். பழைய கோல்ட் ஆடக் கூடாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இம்மியளவு ஆடலாம். குழலின் பின்வாய் புனல்போல் விரிந்திருப்பது குண்டை நடுவுக்கு இழுத்துக்கொள்ளத்தான். ஹேமரிலேயே பின் உள்ள பழையவற்றை வெறுமனே சொடுக்கி விளையாடினால் பின் முறியும். டம்மி தோட்டா போட்டே சொடுக்க வேண்டும்.

சென்னைக் காற்றுக்கு நீல மெருகு தாங்காது. உப்பும் ஈரமும் சேர்ந்து, விரல்ரேகை பட்ட இடத்தில் அடுத்த நாளே செம்புள்ளி விழலாம். தோல் உறையில் வைத்துப் பூட்டுவதுதான் அதிகம் செய்யப்படும் தவறு; தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலமும் சேர்ந்து அரிக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை துடைப்பு. துருவேறா எஃகுப் புதியவற்றுக்கு இதில் பாதி போதும்.

கடைசியாக, தாத்தாவின் ரிவால்வர். "நூறு வருஷம் பழசு, லைசென்ஸ் வேண்டாம்" என்பது தவறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான். சுடக்கூடியது என்றால் வயது கணக்கில் வராது. உரிமையாளர் இறந்தால், தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்க வேண்டும். மாநகரில் போலீஸ் கமிஷனரிடம், மாவட்டங்களில் கலெக்டரிடம். 2016 விதிகளின்படி உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயதானாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போது தரும் ரசீதில் துப்பாக்கியின் எண், அளவு, கூடவே கொடுத்த தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.